பச்சைக் குடம்

என் வேலை கேட்பது.
"முடிஞ்சுதா?" என்று கேட்பது,
"எப்ப முடியும்?" என்று கேட்பது,
கேட்டதை ஒரு ஷீட்டில் ஏற்றி
மேலே அனுப்புவது.
அதற்குச் சம்பளம் உண்டு, பி.எஃப். உண்டு.

ராயபுரத்தில், படகு இன்ஜின் ஸ்பேர் விற்கும் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி எங்கள் கம்பெனி.
துறைமுகத்துக்குள் போகிற கன்டெய்னர்களுக்கு
எது முன்னே எது பின்னே என்று சொல்கிற சாஃப்ட்வேர்.
நாங்கள் சொன்னபடி ஒரு லாரியும் போனதில்லை, அது வேறு.

ஜெசிந்தா ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவாள்.
அந்தச் செவ்வாய்க்கிழமை
அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தமில்லாமல்.
திரையில் இருந்ததைவிட அதிகம்
தலைக்குள் நிறுத்தி வைத்திருந்திருக்க வேண்டும்.
நான் தோளைத் தொட்டேன்.
"ஒரே நிமிஷம். சின்ன டவுட்."

முதலில் அவள் திரும்பவில்லை.
கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்தாள்,
உடைந்த ஏதோ ஒன்றை வைப்பது போல.
"பதினோரு மணிலேர்ந்து கட்டினு வந்தேன்" என்றாள்.
மணி அப்போது ஒன்றேகால்.
"போச்சு. கேளு, இன்னா டவுட்டு?"
எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் விடிகாலை
கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில்
தண்ணி லாரிக்கு வரிசை.
மனிதர் யாரும் இல்லை. குடங்கள்தான்.
நீலம், சிவப்பு, கழுத்து வெடித்த மஞ்சள்,
மூடிக்குப் பதில் தட்டு கவிழ்த்த ஒன்று.
சொந்தக்காரர்கள் உள்ளே தூங்கினார்கள்,
பல் தேய்த்தார்கள், சண்டை போட்டார்கள்.
எந்தக் குடமும் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை.
ஆனாலும் தில்ஷாத் அக்கா குடத்துக்கு முன்னால்
இன்னொன்று நுழைந்துவிட முடியுமா?
ரத்தம் பார்த்துவிடும் தெரு.

எங்கள் வீட்டில் அடி விரிசல் விட்ட பச்சைக் குடம் ஒன்று.
தண்ணீருக்கு ஆகாது. சீட்டுக்கு ஆகும்.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
காலிக் குடத்துக்குக் கண்டக்டர் லக்கேஜ் கேட்டார்.

"இனிமே அவகிட்ட கேக்கறத எழுதி இதுல போடுங்க.
நாலு மணிக்கு லாரி."
சிரித்தார்கள்.
தேசப்பன் மட்டும், "தீ புடிச்சா?"
"தீ புடிச்சா தொடு.
க்ளையன்ட் கோவமா இருக்காருன்றது தீ இல்ல."

முதல் நாள் பதினான்கு சீட்டு.
மூன்றரைக்கே ஒவ்வொருவராய் வந்து
குடத்துக்குள் கைவிட்டுத் துழாவி
தன் சீட்டைத் திருப்பி எடுத்துப் போனார்கள்,
எழுதி முடித்ததுமே பதில் தெரிந்துவிட்ட வெட்கத்தில்.
மிஞ்சியது ஐந்து.
அதில் ஒன்று என்னுடையது.
ஜெசிந்தா படித்துவிட்டுப் பின்பக்கம்
"வியாழன்" என்று எழுதித் தந்தாள்.
அவ்வளவுதான்.
இந்த ஒரு சொல்லுக்குத்தான் ஆறு மாதமாக
நாளுக்கு நாலு முறை
அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறேன்.

வியாழன் காலை வாகிதா மேடமே நேரில் வந்துவிட்டார்.
அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்.
முதல் மாடித் திருப்பத்தில் மறித்தேன்.
டீ சொன்னேன்.
எண்ணூர் ரோட்டில் லாரிகள் நிற்பதைப் பேசினேன்,
மழை, வஞ்சிரம் விலை, அவர் மகனின் காலேஜ்,
தெரிந்தது தெரியாதது எல்லாம்.
"மேல போய் ஒரு வார்த்த கேட்டுட்டு..."
"கேக்கலாம் மேடம், கேக்கலாம். டீ ஆறுது."

மேலே கீபோர்டு ஓடிக்கொண்டிருந்தது.
நின்று, யோசித்து,
மறுபடி ஓடியது.

நாற்பது நிமிடம்.
அன்று நான் பார்த்த வேலை அது ஒன்றுதான்.
டைம்ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
"மீட்டிங்" என்று போட்டேன்.